நோவு சாற்றிய திருமேனி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆசார்யர்களுக்கு நோய் வந்தது என்று நம் பூர்வர்கள் எழுதமாட்டார்கள். ‘நோவு சாற்றினார்’ என்பார்கள். பெருமாளுக்குச் சந்தனம் சாற்றுகிறோம், திருமாலை சாற்றுகிறோம், திருவாபரணம் சாற்றுகிறோம். அதே வினையை நோவுக்கும் இட்டு வழங்கினார்கள். ஸம்ப்ரதாயப் பரிபாஷையில் இப்படிப் பல உண்டு; நீராட்டம் திருமஞ்சனம் ஆகிறது, படுக்கை திருப்பள்ளி ஆகிறது. இதையும் அந்த வரிசையில் ஒரு மரியாதைச் சொல் என்றே அடியேன் நெடுங்காலம் கொண்டிருந்தேன். ஒன்பது மாத காலம் நோயோடு கிடந்து எழுந்த பிறகு அந்தச் சொல்லில் வேறொன்றும் இருப்பதாகத் தோன்றுகிறது. அதை விண்ணப்பிக்கவே இந்தக் கட்டுரை. நடுவே சொந்தக் கதையும் சிறிது வரும். பாகவதர்கள் க்ஷமிக்க வேண்டும்.

கார்த்திகை மாதக் கடைசியில் அடியேனுக்குச் சிக்குன்குனியா ஜ்வரம் கண்டது. பத்து நாளில் ஜ்வரம் இறங்கிவிட்டது, மூட்டுவலி இறங்கவில்லை. விரல்கள், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. காலையில் கண் விழித்தால் கையை மூட முடியாது. “கிருமி போய்விட்டது, வலி மட்டும் தங்கியிருக்கிறது; அதுவும் போகும், ஆனால் நாளாகும்” என்றார் வைத்தியர். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

மார்கழி வந்தது. திருவல்லிக்கேணியில் நாற்பது ஆண்டுகளாக அத்யாபக கோஷ்டியின் ஓரத்தில் அந்வயித்து வந்தவன், அந்த மார்கழியில் கட்டிலில் கிடந்தபடி வீதியிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பகல்பத்து போயிற்று, இராப்பத்து போயிற்று. தையும் மாசியும் போயின. பங்குனியில் தடி ஊன்றிக்கொண்டு ஸந்நிதி வரையில் போனேன். போனவனால் தண்டன் ஸமர்ப்பிக்க முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. எல்லாரும் விழுந்து ஸேவிக்கும் இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலியைவிடப் பெரிய சங்கடம் ஒன்று வீட்டில் இருந்தது. திருமண்காப்பு தரித்துக்கொள்ள விரல் வரவில்லை. திருமண்ணைக் குழைக்கவும் முடியாது, ஸ்ரீசூர்ணம் இடும் குச்சியைப் பிடிக்கவும் முடியாது. ஒன்பது வயதுப் பேரன் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டான். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இடும் திருமண் தினமும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். மூத்த பிள்ளை வேஷ்டி கட்டிவிடுவான். க்ருஹத்தில் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார்கள். பிறருக்குச் செய்து பழகினவனுக்குப் பிறர் செய்ய இருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. ‘பாரதந்த்ர்யம்’ என்று காலக்ஷேபங்களில் கேட்டிருக்கிறோம், அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறோம். வேஷ்டி கட்டிக்கொள்ளப் பிள்ளையை எதிர்பார்த்து நின்றபோது அந்தச் சொல் இனிக்கவில்லை. சிடுசிடுத்தேன். குழந்தையைக்கூட ஒரு நாள் கடிந்துகொண்டேன், திருமண் கோணலாய் இருக்கிறதென்று.

பார்க்க வந்தவர்கள் இரண்டு பிரிவாக நின்றார்கள். “பார்த்தஸாரதியிடம் கேளும், அவன் தீர்க்கமாட்டானா?” என்பது ஒரு பிரிவு. “ப்ரபந்நன் சரீர ஆரோக்யத்தைப் போய்க் கேட்கலாமா? ப்ராரப்தம் கழிகிறது என்று இரும்” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ப்ரமாணம் இருந்தது. இரண்டும் இரவு இரண்டு மணிக்கு உதவவில்லை.

ஆழ்வார்கள் இதில் என்ன செய்தார்கள் என்று படுத்தபடியே நினைத்துப் பார்த்தேன். பெரியாழ்வார் தம் திருமொழியின் ஐந்தாம் பத்தில், இரண்டாம் திருமொழி முழுவதையும் நோய்களைப் பார்த்தே பாடியிருக்கிறார். நெய் இருந்த குடத்தை எறும்புகள் மொய்ப்பதுபோல இந்த உடம்பை மொய்த்துக்கொண்டிருக்கும் பிணிகளை அழைத்து, ‘பிழைத்துப் போக வழி பாருங்கள், அரவணையோடு பெருமான் உள்ளே புகுந்து கிடக்கிறான், இந்த ஊர் இப்போது காவலில் இருக்கிறது’ என்று அறிவிக்கிறார். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். பெருமாளிடம் அவர் ஆரோக்யத்தை வேண்டவில்லை. பிணிகளிடந்தான் பேசுகிறார், அதுவும் காவற்காரன் தோளில் கைபோட்டு நிற்பவன் திருடனிடம் பேசுகிற தோரணையில். குலசேகராழ்வாரோ வித்துவக்கோட்டம்மானைப் பாடும்போது, கத்தியால் அறுத்தாலும் தீயால் சுட்டாலும் வைத்தியனிடத்தில் அன்பு மாறாத நோயாளியாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்.

நம்மாழ்வாருக்கு வந்தால் நிலைமை இன்னும் வேறு. திருவாய்மொழி நான்காம் பத்தில் ஆறாவது பதிகம், தோழி பேசும் பேச்சு. மகள் மெலிந்து மயங்கிக் கிடக்கிறாள். தாய்மார் கலங்கிக் கட்டுவிச்சியைக் கூப்பிட்டு வெறியாட ஏற்பாடு செய்கிறார்கள். தோழி குறுக்கே விழுந்து தடுக்கிறாள். ‘நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து தேடாதீர்கள், பாண்டவர்களுக்காகத் தேரோட்டினவனைக் குறித்து வந்த நோய் இது’ என்கிறாள். அவள் சொல்லும் மருந்து, அவன் திருநாமத்தைக் காதில் சொல்வதும் அவன் அடியார்களின் பாததூளியைப் பூசுவதும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிகத்தைக் காட்டி, மாத்திரை வேண்டாம், ஸ்ரீபாததூளியே போதும் என்று சிலர் உபதேசிக்கிறார்கள். அது தவறு. தோழி நிதானித்தது பராங்குச நாயகியின் ப்ரேமவ்யாதியை. அடியேனுக்கு வந்தது கொசுக்கடி. நோய் இன்னதென்று நிதானித்து அதற்குரிய மருந்தைக் கொடுங்கள் என்பதே அவள் வாதம். அதன்படி பார்த்தால் அடியேன் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியதும் அவள் சொல்லைக் கேட்டதாகத்தான் ஆகும்.

ஆனால் ‘தேரோட்டினவன்’ என்ற இடத்தில் மனம் நின்றுவிட்டது. திருவல்லிக்கேணியில் உத்ஸவர் திருமுகத்தில் வடுக்கள் இருப்பதை ஸேவித்தவர்கள் அறிவார்கள். பார்த்தனுக்காகத் தேர்த்தட்டில் முன்னே நின்று பீஷ்மருடைய அம்புகளை ஏற்ற அடையாளம் என்று பெரியோர் ஸாதிப்பர். சிறு வயது முதல் பார்த்துவந்த திருமுகந்தான். நோவு சாற்றிக்கொண்ட முகம் அது என்று அந்தப் பங்குனியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பட்டது.

ஆனி மாதத்தில், இடம் மாறினால் நல்லது என்று புவனேச்வரத்திலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வற்புறுத்தி அழைத்துப்போனார்கள். அங்கிருந்து புருஷோத்தம க்ஷேத்ரம், அதாவது பூரி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஜகந்நாதனை ஸேவிக்கலாம் என்ற ஆசையோடு போனவனுக்கு, ரயிலை விட்டு இறங்கியதுமே மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்: “முந்தாநாள் ஸ்நாந பூர்ணிமை ஆகிவிட்டது. இனிப் பதினைந்து நாள் ஸேவை இல்லை. பெருமாளுக்கு ஜ்வரம்.”

ஜ்யேஷ்ட பூர்ணிமையன்று ஜகந்நாதன், பலபத்ரன், ஸுபத்ரை, ஸுதர்சனம் ஆகிய நால்வரையும் ஸ்நாந மண்டபத்தில் எழுந்தருளப்பண்ணி, பொற்கிணறு என்று பெயர்பெற்ற கிணற்றிலிருந்து கொணர்ந்த 108 குடம் தீர்த்தத்தால் திருமஞ்சனம் செய்கிறார்கள். அத்தனை நீராட்டத்தால் பெருமாளுக்கு ஜ்வரம் வந்துவிடுகிறது. அந்தப் பதினைந்து நாளுக்கு ‘அணஸரம்’ என்று பெயர். அநவஸரம் என்ற சொல்லின் திரிபு, காண்பதற்கு ஸமயம் அல்ல என்பது பொருள். மற்றக் கோயில்களிலும் திருக்காப்பிடுவது உண்டு, அது சிறிது நேரத்துக்கு. இங்கே பக்ஷம் முழுவதும் நோயாளியின் அறை.

அந்த அறைக்குள் நடப்பதைக் கேட்டபோது வியப்பாக இருந்தது. பக்குவம் செய்த ப்ரஸாதங்கள் அந்நாட்களில் கண்டருளுவதில்லை. பழங்கள் போன்ற பத்திய ஆகாரந்தான். மூலிகைகளும் வாசனை மலர்களும் ஊறி, ஓராண்டு மண்ணில் புதைத்துவைத்த நல்லெண்ணெய்த் தைலம் திருமேனியில் தேய்க்கப்படுகிறது. புலுரி தைலம் என்கிறார்கள். தசமூலத்தில் செய்த மருந்தும் உண்டு. தசமூலம் நமக்குத் தெரியாததா? வைத்தியர் எழுதிக்கொடுத்த கஷாயத்தில் அடியேனும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சுச்ரூஷையைச் செய்பவர்கள் யார் என்பதுதான் நம் நெஞ்சில் பட வேண்டியது. ‘தைதாபதிகள்’ என்ற மரபினர். ஆதியில் காட்டிலே நீலமாதவனாக ஆராதித்த சபரர் தலைவன் விச்வாவஸுவின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறார்கள். நோயுற்ற பெருமாளுக்கு இவர்கள் உறவினர் முறையில் பணி செய்கிறார்கள். நம் எம்பெருமானார் பூரிக்கு எழுந்தருளியபோது அங்குள்ள ஆராதன முறையைப் பாஞ்சராத்ரப்படி மாற்றத் திருவுள்ளம் பற்றினார் என்றும், ஜகந்நாதன் அதற்கு இசையாமல் ஓர் இரவில் அவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்ப்பித்துவிட்டான் என்றும் குருபரம்பரையில் படித்திருக்கிறோம். ஏன் இசையவில்லை என்ற கேள்வி அடியேனுக்குப் பல காலம் உண்டு. உடம்பு சரியில்லாதபோது யார் கை பழகின கையோ அந்தக் கைதான் வேண்டியிருக்கிறது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். இது வ்யாக்யாநம் ஆகாது, நோயாளியின் ஊகம்.

ஸத்யஸங்கல்பனான எம்பெருமானுக்கு ஜ்வரம் ஏது, வந்தாலும் ஒரு நொடியில் போக்கிக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். அர்ச்சாவதாரத்தில் அவன் உண்பதும் உடுப்பதும் உறங்குவதும் அடியவர் இட்ட வழக்கு என்று நம் ஆசார்யர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நோவையும் சேர்த்துக்கொண்டவன் பூரியில் இருக்கிறான். ஒரு நொடியில் எழுந்து உட்கார்ந்துவிட்டால் தைதாபதிகளின் கைக்கு என்ன இருக்கும்? தைலத்துக்கு ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள், திருமேனியில் மறுபடி வர்ணம் ஏற ஒரு நாள் என்று அவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டு அவன் பதினைந்து நாள் கிடக்கிறான். அடியேன் பேரனைக் கடிந்துகொண்ட நாள் நினைவுக்கு வந்தது. இரவு தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டேன். “இப்போது யார் உங்களுக்குத் திருமண் இடுகிறார்கள்?” என்று கேட்டான். அத்தை இடுகிறாள் என்றேன். “நேராக இடுகிறாளா?” என்றான். ‘உன்னுடையதுபோல் இல்லை’ என்று சொன்னேன், பொய் இல்லை.

ஆளவந்தாருக்கு ராஜபிளவை என்ற கட்டி கண்டு நோவு சாற்றியிருந்த காலத்தில், அவர் சிஷ்யரான மாறனேர் நம்பி அந்த நோவைத் தமக்கு ப்ரஸாதமாகத் தந்தருள வேண்டும் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டார் அல்லவா? கேட்கக் கூசும் பிரார்த்தனை. ஆனால் நாம் முதலில் பார்த்த சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் அது வழக்கமான பிரார்த்தனைதான். பெருமாள் சாற்றிக் களைந்த மாலை நமக்கு ப்ரஸாதம், சாற்றிய சந்தனம் ப்ரஸாதம். ஆசார்யன் சாற்றிக்கொண்டதை அந்த மஹாநுபாவர் அதே கணக்கில் கேட்டார். கூரத்தாழ்வானும் நினைவுக்கு வருகிறார். உடையவர் நியமனத்தால் பேரருளாளன் திருமுன்பே கண் வேண்டி நின்றவர், வாய் திறந்ததும் தம் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு வேண்டுமென்று கேட்டுவிட்டார். கேட்கலாமா கூடாதா என்று அடியேன் வீட்டில் இரண்டு பிரிவாக நின்றவர்களுக்கு இந்த இரண்டு சரித்ரங்களையும் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அணஸர காலத்தில் பூரியில் ஸேவை இல்லாததால் பக்தர்கள் ப்ரஹ்மகிரியிலுள்ள அலார்நாத் கோயிலுக்குப் போகிறார்கள். ஏறக்குறைய இருபத்துமூன்று கிலோமீட்டர். வயலும் தென்னையுமான வழி. அங்கே சதுர்புஜத்தோடு நின்ற திருக்கோலத்தில் எம்பெருமான் ஸேவை ஸாதிக்கிறான். ‘ஆழ்வார்நாதன்’ என்பதே அலார்நாத் ஆயிற்று என்றும், தெற்கிலிருந்து வந்த வைஷ்ணவர்கள் அங்கே ஆராதனம் செய்தார்கள் என்றும் அவ்வூராரே சொல்லக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பாலும் அரிசியும் சேர்த்த கீர் ப்ரஸாதம் ப்ரஸித்தம். நம் அக்கார அடிசிலுக்கு உறவு என்றாலும் நெய் போதாது. இதை இங்குள்ள மடைப்பள்ளி அபிமானத்தோடு சொல்கிறேன், பொருட்படுத்த வேண்டாம்.

அந்தக் கோயிலில் ஒரு கற்பலகை உண்டு. ஸ்ரீசைதன்யர் ஜகந்நாதனைக் காணாமல் அணஸரத்தில் இங்கே ஓடிவந்து, பெருமான் முன் விழுந்து கிடந்தபோது கல் உருகி அவருடைய திருமேனியின் பதிவை ஏற்றதாம். ஸாஷ்டாங்கமாக விழுந்தவருடைய அடையாளம் கல்லில் இருக்கிறது. முன்னால், முழங்கால் மடங்காத ஒருவன் நிற்கிறான். பெண் நாற்காலி கேட்டு வாங்கிவரப் போயிருந்தாள். கைகளைக்கூட முழுவதும் கூப்ப வராது. விரல்கள் பிரிந்து பிரிந்து நிற்கும். அப்படியே கூப்பிக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. அது ஸேவிக்க முடியாத துக்கமா, வேறொன்றா என்று தெரியவில்லை. நாற்காலி வந்ததும் உட்கார்ந்தேன். வாங்கிவந்த கீரைப் பெண் ஊட்டிவிட்டாள். முதன்முறையாகச் சிடுசிடுப்பு இல்லாமல் வாயைத் திறந்தேன்.

ஆஷாட சுக்ல த்விதீயையன்று ரத யாத்ரை. கூட்டத்தில் புக முடியாதாகையால் பெரிய வீதியில் ஒரு மாடியில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். மூன்று தேர்களும் நின்றன. ஆனால் அடியேன் கண்டு நெஞ்சை இழந்தது தேரை அல்ல. கோயிலிலிருந்து தேர் வரையில் பெருமாள் எழுந்தருளும் ‘பஹண்டி’யைத்தான். நம் பக்கத்தில் ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளுக்கினியானில் வைத்து அலுங்காமல் எழுந்தருளப்பண்ணுவார்கள், அதில் சிம்ம கதி, கஜ கதி என்று அழகுகள் உண்டு. பூரியில் அப்படியில்லை. திருமுடியில் பூக்கிரீடம் அசைய, வைத்தியப் பத்தியம் முடிந்து வெளியே வருகிற பெருமானை முன்னே பலரும் பின்னே பலருமாகத் தைதாபதிகள் தாங்கிக்கொண்டு, பஞ்சு மெத்தைகளின் மேல் ஒவ்வோர் அடியாக நகர்த்துகிறார்கள். முன்னே சாய்கிறான். பின்னே சாய்கிறான். நிற்கிறான். மறுபடி ஓர் அடி. சேகண்டி முழங்குகிறது, லக்ஷக்கணக்கான ஜனங்கள் கூவுகிறார்கள், அவன் அவசரப்படுவதில்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, மாசி மாதத்தில் ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கட்டிலிலிருந்து கூடம் வரையில் அடியேன் நடந்த நடை அதுதான். பக்கத்தில் நின்ற அந்த ஊர் அம்மாள் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மொழி புரியவில்லை, மாப்பிள்ளை சொன்னார்: “பார், எப்படி ஆடி ஆடி வருகிறான் என்கிறாள்.”

பிறகு நடந்தவை எல்லாம் உடம்பு தேறினவன் ஊர்ப்பயணம் போன கதைதான். குண்டிசா மந்திரத்தில் சில நாள் தங்கல். அழைத்துப்போகாமல் விட்டுவிட்டாரே என்று ஐந்தாம் நாள் பிராட்டி கோபத்தோடு எழுந்தருளித் தேரின் ஒரு துண்டை உடைத்துவிட்டுப் போவது. ஸ்ரீரங்கத்துப் பங்குனி உத்திர ப்ரணய கலஹம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, பிராட்டிமார் எங்கும் ஒரே மாதிரிதான். திரும்பும் வழியில் சிற்றன்னை வீட்டில் ‘போடா பிடா’ என்ற, சுட்ட அரிசிப் பணியாரம். கோயிலுக்குள் நுழையப் பிராட்டிக்கு ரஸகுல்லா கொடுத்து ஸமாதானம். இவ்வளவையும் ஒரு நோயின் தொடர்ச்சியாக அமைத்தவர்களின் நெஞ்சை நினைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியபின் ஸ்ரீரங்கத்துக்குப் போக ஆசை எழுந்தது. அங்கும் ஆனி மாதக் கேட்டையில் ஜ்யேஷ்டாபிஷேகம். பெரிய பெருமாள் ஸுதையால் ஆன திருமேனி ஆகையால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான் சாற்றுவார்கள். தைலம் திருமேனியில் ஏறி உலர்வதற்கு 48 நாள். அதுவரையில் திருவடி ஸேவை இல்லை. வைத்தியர்கள் மருந்துக்குச் சொல்லும் ஒரு மண்டலக் கணக்கு. தெற்கே ஒரு திருமேனியும் வடக்கே ஒரு திருமேனியும், ஏறக்குறைய ஒரே காலத்தில், தைலத்தோடு மறைந்து கிடக்கின்றன. அந்தக் கோயிலில் தன்வந்திரிக்குத் தனி ஸந்நிதி இருப்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

48 நாள் கழித்து, ஆவணி மாதம் ஒரு காலையில் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் குறைவு. குலசேகரன் படிக்கு முன்னால் நின்று திருமுகத்திலிருந்து தொடங்கிக் கண்ணை மெல்ல இறக்கினேன்; திருவடி ஸேவை ஆயிற்று. வெளியே வந்து, கொடிமரத்தருகில் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது முழங்காலை மடக்கினேன். மடங்கிற்று. இடது பாதிவரையில் வந்து நின்றுவிட்டது.

“இன்னும் கொஞ்சம், தாத்தா” என்றான்.

“இன்றைக்கு இவ்வளவுதான்” என்றேன். தூக்கிவிட்டான். நெற்றியைப் பார்த்து, தான் இட்ட திருமண் கலைந்திருக்கிறதா என்று கவனித்துவிட்டு, தாயார் ஸந்நிதிப் பக்கம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

அடியேன் ராமாநுஜதாஸன்